செம்போத்துக் குரல்

காலை ஏழேகால் மணிக்கு எங்கள் ஊரில் முப்பத்தொரு வீட்டு அடுப்பும் அணைந்துவிட்டது. முப்பத்திரண்டாவது வீட்டுக் கூரையில் மட்டும் புகை எழும்பிக்கொண்டிருந்தது, அது என் மதினி ஒச்சம்மாளின் வீடு.

கொஞ்சம் மெதுவாகப் பேசலாமா சார்? டிரைவருக்குப் பின் சீட்டில் காக்கிப் பேண்ட் போட்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். பஸ் கம்பெனி ஆளாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஃபாரஸ்ட்டிலும் அதே காக்கிதான். எனக்கு இப்போதெல்லாம் அந்த நிறத்தைக் கண்டாலே நாக்கு வறண்டுபோகிறது.

நீங்கள் வெள்ளிவரைச் சரணாலயத்தைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் இல்லையா? கழுத்தில் அட்டையைக் கழற்றாமல் தொங்கவிட்டிருக்கிறீர்களே. வாசலில் பெரிய பலகை, உலகப் பாரம்பரிய இடம் என்று. அதைப் படம் எடுத்திருப்பீர்கள். பலகைக்குப் பின்னால் ஒரு பாதை மேலே ஏறும், குறுக்கே சங்கிலி போட்டிருக்கும். பார்த்தீர்களா? அந்தப் பாதை எங்கள் ஊருக்குப் போகிறது. ஏலத்தோப்பு. அது யானை வழி, போகக்கூடாது என்று உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். அதுவும் பொய் இல்லை.

எங்கள் தாத்தாக்கள் ஏலக்காய் எஸ்டேட் வேலைக்காகக் கீழேயிருந்து மலையேறியவர்கள். குத்தகை முடிந்தது, எஸ்டேட்காரர்கள் போய்விட்டார்கள், நிலம் காட்டோடு சேர்ந்துவிட்டது. நாங்கள் இருந்துவிட்டோம். எங்கே போவது? பட்டா கிடையாது. ரேஷன் கார்டு எல்லாம் எஸ்டேட் காலத்தில் அடிவாரத்து முகவரியில் வாங்கியது. வீடு மலையில், பெயர் கீழே. அதனால் எங்களுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. யாராவது வந்து, நீ யார் என்று கேட்டால் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

யானை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது.

மற்ற ஊர்களில் யானை வந்தால் தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். எங்கள் ஊரில் அப்படித் தட்டப்போய் இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் அப்பா காலத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஒடுங்குவது. யானை வருகிறது என்று தெரிந்ததும் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவோம். நாயின் வாயைத் துணியால் கட்டுவோம். சேவலைக் கூடையில் போட்டு மேலே கம்பளியை மூடினால் இன்னும் விடியவில்லை என்று அது பேசாமல் இருக்கும். பிறகு எல்லோரும் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்துவதற்காக எஸ்டேட்காரன் கட்டிய கல் கட்டிடம். யானை வரும். ஆள் இல்லை என்று பார்க்கும். வாழையைத் தின்றுவிட்டுப் போய்விடும். அதன்பிறகு எங்கள் ஊரில் யானை மிதித்து ஒருவர் செத்தார் என்று கிடையாது.

ஸ்டோர் சாவி என்னிடம் இருக்கிறது. அப்பா எஸ்டேட் வாட்ச்மேன். குரல் கொடுக்கிற வேலையும் அவருடையது, அவருக்குப் பிறகு என்னுடையது. இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துச் செம்போத்து மாதிரி கத்த வேண்டும். ஊப், ஊப், ஊப். கொஞ்சம் விட்டு மறுபடி ஊப், ஊப், ஊப். வெளியாள் கேட்டால் பறவை என்பான். எங்கள் ஊர்க் கைக்குழந்தை கேட்டால் பால் குடிக்கிற வாயை எடுத்துவிட்டு முழிக்கும். அழாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படிப் பழகியிருக்கிறது.

இப்படி இருக்கும்போது, சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் ஃபாரஸ்டர் இளவரசு ஏறி வந்தார். நல்ல மனிதர்தான். எங்கள் வீட்டில் கஞ்சி குடித்திருக்கிறார். வெள்ளிவரையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி சர்க்கார் எழுதிப் போட்டிருக்கிறதாம். அதைச் சரிபார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வருகிறாராம். அதோடு விட்டாரா?

"அந்தம்மா உங்களையும் பார்க்கணும்னு கேட்டிருக்காங்கண்ணே. காட்டுக்குள்ள இருக்கிற ஜனங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுத்தான் எழுதுவாங்களாம். எல்லாரும் ஸ்டோர் முன்னால வந்து நில்லுங்க. மனசுல உள்ளதைச் சொல்லுங்க."

 மனசில் உள்ளதைச் சொல் என்று காக்கி போட்டவர் ஒருவர் சொன்னால் பின்னால் என்ன வரும் சார்? நான் பிறந்ததிலிருந்து என் மனசில் என்ன இருக்கிறது என்று ஒரு ஆபீசரும் கேட்டதில்லை.

என் மச்சான் ஒருவன் வடக்கே வேறொரு மலையில் இருக்கிறான். அவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னான், எங்கேயோ இப்படித்தான் வந்தார்களாம், சிரித்துப் பேசினார்களாம், தலையை எண்ணிக்கொண்டு போனார்களாம், அடுத்த மாதம் லாரி வந்ததாம். யார் பார்த்தது என்று கேட்டேன். பார்த்தவர்கள் லாரியில் ஏறிப் போய்விட்டார்களே, அப்புறம் யார் சொல்வது என்றான். அதுவும் நியாயம்தானே.

ஸ்டோர் வாசலில் ஊரைக் கூட்டினேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொம்பளைகள் அழ ஆரம்பித்தார்கள். அப்போது மொக்கைராசு, எப்போதும் கோணலாகப் பேசுகிறவன், அவன்தான் வழி காட்டினான். "தலையை எண்ணத்தானே வர்றாக? தலையே இல்லன்னா எதை எண்ணுவாக?" என்றான்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. யானைக்குச் செய்வதை இவர்களுக்கும் செய்வது. ஒடுங்குவது. கூட்டத்தில் அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒச்சம்மாள் மட்டும் எழுந்து நின்றாள். என் அண்ணன் மனைவி. அண்ணன் செத்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"யானை பேச வரல, ஒடுங்குனோம். இந்தம்மா பேசத்தானே வருது? பேச வர்ற மனுஷிக்கும் ஒடுங்குனா நம்மள என்னன்னு நெனைக்கும் கொழுந்தனாரே?"

"ஆளே இல்லன்னு நெனைக்கும் மதினி. அதுதானே வேணும்."

"எனக்கு அது வேணாம். ஒங்க அண்ணன் நெஞ்சு வலிச்சு, ஜீப் ஏறி வர ரோடு இல்லாம இந்த மண்ணுல கெடந்து செத்தாரு. நான் ரோடு கேக்கணும். கேக்குறதுக்கு ஒரு ஆளு தானா மலையேறி வருது. டீ போட்டுக் குடுத்துக் கேப்பேன்."

"ஒரு டீக்கு ரோடு போட்டுத் தந்துருவாகளா அத்தை?" என்றான் மொக்கைராசு.

"ஒனக்கு இத்தனை வருசம் டீ குடுத்தேன். ஒரு வெறகு பொளந்து தந்தியாடா? அதுக்காகக் குடுக்காம இருந்தனா?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை நம்பி யாரும் அவள் பக்கம் போகவில்லை. பயந்தவன் சிரிப்பான், இடம் மாற மாட்டான்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அடிவாரத்திலிருந்து செய்தி வந்தது. இளவரசுக்கு அம்மை போட்டிருக்கிறது, அவர் வரவில்லை, வேறு ஆட்கள் கூட்டி வருகிறார்கள். வேறு ஆட்கள். போதாதா? தெரிந்த முகத்தை விலக்கிவிட்டுத் தெரியாத முகத்தை அனுப்புகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? அம்மை என்பதையே நான் நம்பவில்லை. பிறகு அவர் முகத்தில் தழும்பைப் பார்த்தபோதும் எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை.

அன்று காலை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுப்புகள் அணைந்தன. நாய்களைக் கட்டினோம். கொடியில் கிடந்த துணிகளை எடுத்தோம். ஆடுகளைப் பின்பக்கத்துச் சரிவுக்கு ஓட்டிவிட்டோம். ஊர் முழுவதும் ஸ்டோருக்குள் போனது. வெளியே எஸ்டேட் காலத்துத் துருப்பிடித்த பூட்டைத் தொங்கவிட்டேன். அப்புறம் திரும்பிப் பார்க்கிறேன், மதினி வீட்டுப் புகை. நேராக, வெள்ளையாக, கம்பம் நட்ட மாதிரி.

ஓடினேன். உள்ளே அவள் கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையில் இருந்தாள். எவர்சில்வர் டம்ளர்களைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். அடுப்பில் பால்.  மூலையிலிருந்த குடத்தைத் தூக்கி அடுப்பில் ஊற்றிவிட்டேன். சாம்பல் குபுகுபுவென்று எழும்பிப் பால் சட்டியிலும் விழுந்தது.

"பாலு, கொழுந்தனாரே" என்றாள். அவ்வளவுதான். கத்தவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்திக் கொண்டியில் ஒரு குச்சியைச் செருகினேன். அவள் நல்லதுக்குத்தான் சார். ஸ்டோருக்குள்ளே முப்பத்தொரு வீட்டுப் பிள்ளைகுட்டிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது ஒருத்தியின் ரோட்டுக்காக எல்லோரையும் காட்டிக்கொடுக்க முடியுமா?

நான் அவள் வீட்டுக்கு மேலே இருக்கிற உண்ணிச்செடிப் புதரில் படுத்துக்கொண்டேன். மழை விட்டிருந்தது. அட்டைகள் காலில் ஏறின. அசையவில்லை. 

வந்தார்கள். இரண்டு ஆபீசர்கள், இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல ஒரு படித்த பையன், முன்னால் ஒரு ஃபாரஸ்ட் வாட்ச்சர், நான் பார்த்திராத ஆள். நடுவில் அந்த அம்மா. நரைத்த தலை, கையில் ஊன்றுகோல். நான் ஏதோ பெரிதாக நினைத்திருந்தேன். மூச்சு வாங்க ஏறிவந்த வயசான பொம்பளை, அவ்வளவுதான். அதுவே எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவ்வளவு வயசில் இவ்வளவு தூரம் ஏறி வருகிறவர் சும்மா வருவாரா?

ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அப்போதுதான் என் கண்ணில் பட்டது. மொக்கைராசு வீட்டுக் கொடியில் அவன் மகளின் மஞ்சள் கவுன். எடுக்க மறந்துவிட்டார்கள்.  அந்த அம்மா நேராக அதன் பக்கத்தில் போய் விரலால் தொட்டுப் பார்த்தார். என்னவோ கேட்டார்.

"ஈரமா இருக்கேன்னு கேக்குறாங்க" என்றான் அந்தப் பையன்.

"நேத்து மழையில நனைஞ்சிருக்கும் சார். விட்டுட்டுப் போன துணி" என்றான் வாட்ச்சர்.

"இங்க இருந்தவங்க எல்லாம் எங்க? மேடம் அவங்களைப் பாக்கத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தாங்க."

"எஸ்டேட் மூடுனதும் கீழ எறங்கியிருப்பாங்க சார். நான் இந்தப் பக்கம் வந்து ஒரு வாரம்தான் ஆகுது."

அந்த அம்மா வீடுகளை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். மதினி வீட்டு வாசலில் துவைக்கிற கல் ஒன்று கிடக்கும், அதில் போய் உட்கார்ந்தார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு. ஆபீசர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. யாரோ வருவதாகச் சொல்லியிருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்போது கதவைத் தட்டுகிற சத்தம். உள்ளேயிருந்து.

முதலில் மெதுவாக. பிறகு கொஞ்சம் பலமாக. அந்த அம்மா தலையைத் திருப்பினார். எழுந்தார். கதவின் பக்கம் போனார். கொண்டியில் இருந்த குச்சியை நோக்கி அவர் கை நீண்டது சார், என் கண்ணால் பார்த்தேன். உள்ளே மதினி தொண்டையைச் செருமுவதும் எனக்குக் கேட்டது. இன்னும் ஒரு விநாடி, வாயைத் திறந்து பேசிவிடுவாள். எங்கள் ஊர் முடிந்தது என்று நினைத்தேன்.

எனக்கு அந்த நேரத்தில் யோசனை வந்தது பாருங்கள். கையைக் குவித்தேன். ஊப், ஊப், ஊப். கொஞ்சம் விட்டு, ஊப், ஊப், ஊப்.

தட்டிய கை நின்றுவிட்டது. வெட்டிப்போட்ட மாதிரி நின்றது. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. இத்தனை வருஷத்துப் பழக்கம் சார், கோபத்திலும் விடாது. யானை வாசலுக்கு வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள்.

அந்த அம்மாவும் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். மரத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "செம்போத்துன்னு சொல்றாங்க. மேடத்துக்கு அந்தப் பறவை ரொம்பப் பிடிக்குமாம்" என்றான் பையன். தட்டிய சத்தம் என்ன என்று அவன் கேட்டதற்கு, காற்றில் கதவு ஆடுகிறது என்று வாட்ச்சர் சொல்லிவிட்டான். அன்றைக்குக் காற்றே இல்லை. அந்த அம்மா கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்கள். பாதை திரும்புகிற இடத்தில் ஒரு தடவை நின்று பார்த்தார். அப்புறம் இல்லை.

நான் இறங்கிப்போய்க் குச்சியை எடுத்தேன். மதினி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்து உட்கார்ந்திருந்தாள். குழந்தைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். முகம் வேர்த்திருந்தது.

"எந்தப் பக்கம் போச்சு?" என்றாள். உதடு மட்டும் அசைந்தது.

"யானை இல்ல மதினி. நான்தான்."

என்னையே பார்த்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"நெசமா வர்றன்னைக்கு என்ன சத்தம் குடுப்பீங்க?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஊரையே காப்பாற்றிக் கொடுத்தவனோடு ஒரு பொம்பளை பேசாமல் இருக்கிறாள். சொன்னால் யார் நம்புவார்கள்?

ஊர் என்னைத் தோளில் தூக்காத குறைதான். லாரி வரவில்லை. தலையை எண்ண ஒருவனும் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் வெள்ளிவரைக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது என்று அடிவாரத்தில் வளைவு கட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். நம்மை ஒன்றும் செய்யாமல் நடந்துவிட்டதே என்ற சந்தோஷம்.

பிறகுதான் பாதையில் சங்கிலி போட்டார்கள். அரிசி மூட்டையோடு அடிவாரத்தில் நிற்கிறோம், வாட்ச்சர் விட மாட்டேன் என்கிறான். இளவரசு மாற்றலாகிப் போயிருந்தார். நான் ஆபீசுக்குப் போனேன். புது ஆபீசர், சின்ன வயசு, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் பச்சை. வேறு ஒன்றும் இல்லை.

"அங்க ஆளில்லாத எஸ்டேட் கட்டிடங்கள்தான் இருக்கு. வந்து பார்த்தவங்களே எழுதியிருக்காங்க. காடு தானா திரும்ப வந்துரும்னு பாராட்டித்தான் எழுதியிருக்காங்க."

"நாங்க இருக்கோம் சார்."

அவர் கோபப்படவே இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். "எப்ப வந்தீங்க?"

நான் என்ன சொல்வேன் சார்? தாத்தா காலத்திலிருந்து என்றால், அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள் என்பார். ஒளிந்திருந்தோம் என்றால் சர்க்காரை ஏமாற்றிய குற்றம் ஆகிவிடும். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குப் புதுசாக ஒரு பெயர். ஆக்கிரமிப்பாளர்கள். அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடை வழியாக ஏறுகிறோம், திருடர்கள் மாதிரி. முன்பாவது யானைக்கு மட்டும் ஒடுங்கினோம். இப்போது பூட்ஸ் சத்தம் கேட்டாலே நான் குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. பிள்ளைகள் சிலது இப்போது குரல் கேட்டும் விளையாடிக்கொண்டே இருக்கிறது. அடிக்க வேண்டியிருக்கிறது.

மதுரைக்குத்தான் போகிறேன், வக்கீலைப் பார்க்க. அவர் என்ன சொல்கிறார் என்றால், அவர்கள் வந்த அன்றைக்கு அங்கே ஆள் இருந்தது என்று காட்ட ஏதாவது வேண்டுமாம். அவர்கள் எடுத்த படங்களையெல்லாம் வாங்கிப் பார்த்திருக்கிறார். ஒரு படத்தில் ஒரு இழை புகை தெரிந்தால்கூடப் போதும் என்கிறார். எங்கே தெரியும்? நாங்கள் செய்த வேலை அவ்வளவு சுத்தம். கேட்டுவிட்டு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கு உள்ளேயிருந்து கதவைத் தட்டிய பெண்ணைக் கூட்டி வாருங்கள் என்றார். கூட்டி வந்திருக்கிறேன். அதோ, முன்னால் மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம், பச்சைச் சேலை. என் பக்கத்தில் உட்கார மாட்டாளாம்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், எல்லாம் அந்தத் தட்டலால் வந்த வினை. அந்த வெளிநாட்டு அம்மா காதில் அது விழுந்துவிட்டது. உள்ளே ஆளை வைத்துக்கொண்டு நம்மோடு பேச வராமல் இருக்கிறார்களே என்று மனசில் வைத்துக்கொண்டுதான் ஆளே இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். மதினி சும்மா இருந்திருந்தால் இது வந்திருக்குமா? நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள்.

அந்தக் காக்கிக்காரர் திரும்பிப் பார்க்கிறாரா? இல்லையே? சரி.

ஊரில் கரண்ட் உண்டா என்றா கேட்கிறீர்கள்? இருந்தது சார், எஸ்டேட் காலத்து லைன். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கரண்ட் ஆபீஸ் ஆட்கள் ஏறி வந்த அன்றைக்கும், பூட்ஸ் சத்தம் கேட்டதும் நான் வழக்கம்போலக் குரல் கொடுத்தேன். ஊர் ஒடுங்கிவிட்டது. மதினி மட்டும் வீட்டைவிட்டு வெளியே வந்து கம்பத்தடியில் நின்று, இங்கே ஆள் இருக்கிறது, இங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். லைன்மேன் கம்பத்து மேலேயிருந்து ஊரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு புகை இல்லை, ஒரு நாய் இல்லை. எங்கேயிருந்தும்மா வந்தே, தள்ளி நில்லு என்றார்.

2023 பிப்ரவரி 9, வியாழக்கிழமை, எங்கள் ஊருக்கு வருகிற மின்கம்பியை அவிழ்த்துச் சுருட்டிக் கீழே கொண்டுபோய் லாரியில் ஏற்றினார்கள்.